நூற்றுக்கு நூறு தைலம்

கானாவின் குமாசி நகரில் ஓடும் ட்ரோட்ரோ என்ற வாடகை வேன்களின் முதுகில் எல்லாம் அந்த மாதம் ஒரே முகம்தான். வெள்ளைக் கோட்டு, தங்கப் பல், கையில் ஒரு குப்பி. ‘பாஸ்டர் கிதியோன் ஒஃபோசுவின் ஞானத் தைலம். மாலைக் கல்லூரித் தேர்வில் தைலம் பூசிய ஒருவர்கூடத் தோற்றதில்லை. நூற்றுக்கு நூறு!’

பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. வில்லங்கமே அதில்தான் இருந்தது.

மாலைக் கல்லூரி, பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கானது. தையல்காரிகள், டிரைவர்கள், மீன் வியாபாரிகள் எல்லாம் விண்ணப்பம் போடுவார்கள். சேரும்முன் ஒரு தேர்வு உண்டு. தேர்வு என்றதும் இருபது வருஷத்துக்கு முந்தைய பிரம்படி ஞாபகம் வந்து எல்லாருக்கும் வயிறு கலங்கியது. கலங்கிய வயிறுகளை நம்பித்தான் பாஸ்டரின் அடுப்பு எரிந்தது.

தைலம் பூசிக்கொள்ள வந்தவர்களின் வரிசையில் டுஃபியேவும் நின்றாள். சந்தையில் துணி விற்பவள். மருத்துவச்சிப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. முப்பத்தைந்து தாண்டினால் அங்கே சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு இப்போது முப்பத்து நான்கு. மாலைக் கல்லூரியை ஒரே வருஷத்தில் முடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பாஸ்டர் அவள் கட்டைவிரலில் தைலம் தேய்த்தார். “மூணு நாளைக்கு இதைத் தேய்ச்சுக்கிட்டே இரு, புத்தகத்தைத் தொடாதம்மா. தைலம் கோவிச்சுக்கும். பரீட்சையில நாலு விடை குடுப்பான். விரல் எதுமேல அரிக்குதோ அந்த வட்டத்தைக் கருப்படி.”

மிளகாய் காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்தால் விரல் எதன்மேல்தான் அரிக்காது?

தேர்வு நாளன்று கல்லூரி வாசலில் மெக்கானிக் சார்போங் நின்றிருந்தார். ஐம்பது வயது. அவரும் தேர்வு எழுத வந்தவர்தான்.

“என்ன தங்கச்சி, விரல் செவந்து போயிருக்கு?”

“தைலம்ண்ணே. நீங்க பூசலையா?”

“வண்டியில ஒரு பார்ட்டைக் கழட்டின பிறகும் வண்டி அதே மாதிரி ஓடுச்சுன்னா, அது வேண்டாத பார்ட்டுனு அர்த்தம். அதான் தைலத்தையும் கழட்டியாச்சு, படிப்பையும் கழட்டியாச்சு. பேரை மட்டும் எழுதிக் குடுக்கப் போறேன்.”

“ஐயோ, ஃபெயிலாயிடுவீங்கண்ணே.”

“ஆனா ஆகட்டும். அடுத்த மாசம் இன்னொரு தடவை எழுதலாமாம். ஆபீஸ்ல கேட்டுட்டேன்.”

உள்ளே டுஃபியேவுக்கு வந்த முதல் கேள்வி, ஆறு கஜம் துணியின் விலை. வாடிக்கையாளர் பையைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிடும் கணக்கு. விடை கண்ணெதிரே இருந்தது. விரல் வேறொன்றின்மேல் அரித்தது. மனசு அடித்துக்கொண்டாலும் அரித்ததையே கருப்படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் பந்தலில் எள் விழ இடமில்லை. ஆளாளுக்குத் தேர்வு முடிவுச் சீட்டைத் தூக்கிப் பிடித்து ஆடினார்கள். எல்லாச் சீட்டிலும் ‘சேர்க்கப்பட்டார்’ என்று இருந்தது. டுஃபியேவின் சீட்டிலும் இருந்தது. அதற்குக் கீழே ‘அடிப்படை வகுப்பு, இரண்டாண்டு’ என்றும் இருந்தது. அவள் மட்டும் ஆடவில்லை.

“தோத்தவங்க யாராவது இருக்கீங்களா?” என்று பாஸ்டர் முழங்கினார்.

சார்போங் எழுந்தார். “நான் தோக்கத்தான் பாத்தேன் பாஸ்டர். தைலம் பூசல, ஒரு கேள்விக்கும் பதில் எழுதல. எனக்கும் ‘சேர்க்கப்பட்டார்’னுதான் குடுத்திருக்காங்க.”

பாஸ்டர் அசரவில்லை. “நம்ம டுஃபியே பக்கத்துல உக்காந்திருப்பீங்க. அருள் உங்கமேலயும் பட்டிருக்கு.”

“அப்போ இனிமே நாற்காலியை வித்துடுங்க. குப்பி எதுக்கு?”

பந்தல் குலுங்கியது. டுஃபியே சிரிக்கவில்லை. அவர் சீட்டை வாங்கித் தன்னுடையதோடு ஒட்டிப் பார்த்தாள். வெற்றுத்தாள் கொடுத்தவருக்கும் அடிப்படை வகுப்பு, அவளுக்கும் அடிப்படை வகுப்பு. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. அதை உரக்கப் படித்தாள்: “இத்தேர்வில் வெற்றி தோல்வி இல்லை. எந்த வகுப்பில் தொடங்குவது என்று அறிய மட்டுமே.”



“ஃபெயிலே இல்லாத பரீட்சைக்கா பாஸ்டர் தைலம் வித்தீங்க? எனக்குத் தெரிஞ்ச கணக்கைக்கூடத் தப்பா எழுத வெச்சு, என் வருஷத்தைத் தின்னப் பாத்தீங்களே.” அவள் சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“விசுவாசம் குறைஞ்சா அப்படித்தான் ஆகும்மா,” என்று பாஸ்டர் தொடங்கினார். ஆனால் கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் குனிந்து அவரவர் சீட்டின் அடிவரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்தபோது பாஸ்டரும் இல்லை, குப்பிப் பெட்டியும் இல்லை.

அடுத்த மாதம் டுஃபியே புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போய், கழுவிய கையால் எழுதினாள். முதன்மை வகுப்பு, ஓராண்டு. சார்போங் மறுபடி எழுதவில்லை. முப்பது வருஷம் புத்தகத்தைத் தொடாத தமக்கு அடிப்படை வகுப்புதான் சரி என்று உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டர் இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறாராம். அங்கேயும் நூற்றுக்கு நூறாம். தோற்கவே முடியாத தேர்வில் ஜெயிக்க ஒரு தீர்க்கதரிசி எதற்கு? சீட்டைப் படிக்க இரண்டு கண் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் முதலில் மூடச் சொல்வதே அந்தக் கண்களைத்தான்.