பழைய இரும்புக்காரரை அனுப்ப வேண்டாம்

பழவேற்காடு,
18-1-1984

மதிப்பும் பாசமும் மிக்க மச்சான் அப்துல் ஹை அவர்களுக்கு, உங்கள் தங்கை மஸூதாவின் வீட்டுக்காரன் காஜா மைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே நானும் மஸூதாவும் கோழிகளும் சுகம். மண்ணடியில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் கல்யாணப் பெண் பரீதாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். மழை நின்றுவிட்டது, ஏரியில் எறா நன்றாகப் படுகிறது.

நிற்க. தங்கள் கார்டு கிடைத்தது. மாமா விட்டுப் போன பிக்கப் வண்டியை இன்னுமா கட்டி அழுகிறீர்கள், பரீதா கல்யாணத்துக்கு முன்னால் பழைய இரும்புக்காரரை அனுப்பி எடைக்குப் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வண்டி தயார். பரீதாவின் நிக்காஹ்வுக்கு உங்கள் தங்கையை அந்த வண்டியின் முன்சீட்டில் உட்கார வைத்து உங்கள் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவேன். தெருவில் கொஞ்சம் இடம் ஒழித்து வையுங்கள்.

இவனுக்கு இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்று நினைப்பீர்கள். மாமா மௌத்தான நாளிலிருந்து மஸூதா அந்த வண்டி நிற்கும் பக்கமே திரும்புவதில்லை. கொல்லைக்குப் போனால்கூட முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஓட்டமாக ஓடிவிடுவாள். மாமா அந்த வண்டியில் பொன்னேரி ஸ்டேஷனுக்கு எறாக்கூடை ஏற்றிப் போகும்போதெல்லாம் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனவர் அல்லவா. அந்த நினைப்பில் துக்கம் தாங்காமல்தான் அப்படி ஓடுகிறாள் என்று புரிந்துகொண்டேன். நான் வேலை வேலை என்று துறைமுகமே கதியாகக் கிடந்தவன், அவளுக்கென்று ஒன்றும் செய்ததில்லை. அவளை ஒரு தடவை அவள் வாப்பாவின் வண்டியில் உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ரிட்டயராகி வந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

பொன்னேரியிலிருந்து மெக்கானிக் தருமலிங்கத்தை வரவழைத்தேன். அவர் வண்டியின் மூடியைத் திறந்து பார்த்து, "இது எஞ்சின் இல்ல சார், புத்து" என்றார். கப்பலிலிருந்து இறங்கிய வண்டிகளை முப்பது வருஷம் பார்த்தவன் நான், என்னிடமே சொல்கிறாயா என்று கேட்டேன். "பாத்தீங்க, சரி. ஒண்ணையாவது தொட்டீங்களா?" என்றார். நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, இறுகிப் போன பிஸ்டனை எப்படியோ இளக்கிவிட்டார். பெட்ரோல் டாங்க் சல்லடையாக இருந்ததால் ஒரு விசைப்படகிலிருந்து கழற்றிய டாங்கை வாங்கி மாட்டினோம். துருவை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கம்பி பிரஷை எடுத்தேன். தேய்க்கத் தேய்க்கத் துரு வந்துகொண்டே இருந்தது, விடாமல் தேய்த்தேன், கடைசியில் துரு சுத்தமாகப் போய்விட்டது, அதோடு இடப்பக்கக் கதவின் கீழ்ப்பாதியும் போய்விட்டது. வெயில் காலத்துக்குக் காற்றோட்டமாக இருக்கும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

பின்பக்கம் சரக்கேற்றும் தொட்டியின் அடித்தகடு முழுக்க உதிர்ந்து கிடந்தது. மரத்தில்தான் புதிதாகக் கட்ட வேண்டும், மரவேலை என்றால் நம் பக்கத்தில் கோட்டைக்குப்பத்துப் படகு ஆசாரி கோதண்டத்தை விட்டால் யார் இருக்கிறார்கள். அவர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொதல்ல இதத் திருப்பி வைங்க பாய். தல தண்ணியப் பாத்து இருக்கணும். அது இல்லாம நான் உளி எடுக்க மாட்டேன்" என்றார். இது தரையில் ஓடுகிற சமாச்சாரமாயிற்றே என்றேன். "எதுல ஓடுனா இன்னா, மொற மொறதான்" என்றார். சரி என்று கொல்லையில் வண்டியை ஏரிப்பக்கம் முகம் வைத்துத் திருப்பினோம். மனுஷர் பலகைக்குப் பலகை பஞ்சுத்திரி அடைத்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, தொட்டியை ஒரு படகாகவே கட்டிவிட்டார். துரு மறுபடி வராமல் இருக்க வண்டி முழுக்கச் சுறா எண்ணெய் பூசினார். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலமும் மஞ்சளும் இருந்தன, அதையும் அடித்தார். பெயரில்லாமல் எதையும் இறக்கக் கூடாதாம், நான் சொன்னபடி முன்மூக்கில் 'மஸூதா' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்தபடி உள்ளே ஓடிவிட்டாள். உணர்ச்சி வசப்பட்டுவிட்டாள் என்று நானும் வற்புறுத்தவில்லை.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. பிரேக் எங்கே என்று தருமலிங்கத்தைக் கேட்டேன். "அது நாளைக்கு சார். ஓடாத வண்டிக்குப் பிரேக்கு எதுக்கு? மொதல்ல ஓடுதான்னு பாப்போம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பேட்டரியில் தெம்பில்லை, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஏரியிலிருந்து வலையைச் சுருட்டிக்கொண்டு வந்த கோட்டைக்குப்பத்துச் சின்னதம்பியும் அவன் கூட்டாளிகளும் கேட்டவுடனே வந்து இரண்டு பக்கமும் தோள் கொடுத்தார்கள். நான் ஸ்டியரிங்கில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். பாட்டெடுத்துத் தள்ளினார்கள், வண்டி இருமியது, புகை கக்கியது, சத்தியமாக மச்சான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. அங்கேயே அவர்கள் கையை எடுத்திருக்க வேண்டும். ஆனால் கோட்டைக்குப்பத்துக்காரர்கள் ஒன்றைத் தள்ளத் தொடங்கினால் அது மிதக்கும் வரை விட மாட்டார்கள். பாதியில் விட்டால் படகு மணலில் உட்கார்ந்துவிடும் என்று பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு. நான் போதும் விடுங்கள் என்று கத்துகிறேன். "இன்னும் கொஞ்சந்தான் பாய், தோ தண்ணி வந்துடுச்சி" என்று எனக்கே தைரியம் சொல்கிறான் சின்னதம்பி. ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் ஆள், யார் மேல் ஏற்றுவது. வேலி போயிற்று, கரை போயிற்று, 'மஸூதா' பழவேற்காடு ஏரியில் இறங்கிவிட்டாள்.

முன்பக்கம் சேற்றில் குத்தி நின்றது, எஞ்சின் அடங்கிப்போனது. பின்பக்கத் தொட்டி மட்டும் அழகாக மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர். கோதண்டம் நீந்தியே வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கண்கலங்க, "ஒரு சொட்டு உள்ள வரல பாத்தீங்களா பாய்" என்றார். அந்த நேரத்தில் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் கையால் தடவி எறா பிடித்துக்கொண்டிருந்த காசியம்மாள், தன் பாட்டுக்கு வண்டியின் மூக்குக்குள்ளும் கைவிட்டுத் துழாவி, "உன் வண்டில நல்ல எறா கீது பாய், சேத்த கலக்காம கொஞ்சம் அப்டியே குந்திக்கினு இரு" என்று சொல்லி, பறிக்கூடையை நிரப்பிக்கொண்ட பிறகுதான் என்னை இறங்க விட்டாள். திரும்பிப் பார்த்தால் கொல்லை வாசலில் மஸூதா, முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துத் தோள் குலுங்க நிற்கிறாள். வாப்பாவின் வண்டி தண்ணீரில் போனதை அவளால் தாங்க முடியவில்லை என்று என் நெஞ்சு வெடித்துவிட்டது. எப்படியும் அவளை அதில் உட்கார வைத்தே தீருவது என்று அந்த இடத்திலேயே சபதம் செய்தேன்.

தள்ளிய அதே ஆட்கள் வடக்கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார்கள். தருமலிங்கம் எஞ்சினைக் குடலோடு கழற்றிக் காயவைத்து மறுபடி பூட்டினார். இந்தத் தடவை முதல் வேலையாக பிரேக். நேற்று நானே ஓட்டிக்கொண்டு கடைத்தெரு வரை போய் வந்தேன். எங்கும் நிற்கவில்லை, நிறுத்திய இடத்தில் நின்றது, இதற்கு மேல் ஒரு வண்டியிடம் என்ன எதிர்பார்ப்பது. சுறா எண்ணெய் வாடைக்கு ஊரிலுள்ள பூனைகள் எல்லாம் பின்னாலேயே ஊர்வலமாக வருகின்றன, பழகிவிட்டால் அதுவும் ஒரு மரியாதைதான். மண்ணடியில் பூனைத் தொல்லை எப்படி என்று ஒரு வரி எழுதவும்.

ஆகவே மச்சான், இரும்புக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நிக்காஹ் அன்று காலை உங்கள் தங்கை அவள் வாப்பாவின் வண்டியில் ராணி மாதிரி வந்து இறங்குவாள். நான் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். பெரியவர்களுக்கு ஸலாம், பரீதாவுக்கு எங்கள் ஆசியும் துஆவும். அல்லாஹ் எல்லாருக்கும் நல்ல பாதையும் நல்ல பிரேக்கும் அருள்வானாக. வஸ்ஸலாம்.

அன்புடன்,
காஜா மைதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இதை மஸூதாவிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அந்த வண்டியப் பாத்தாலே எனக்கு வாந்தி வரும்ங்க. சின்னதுல பொன்னேரி போய்ச் சேர்றதுக்குள்ள குடலே வெளிய வந்துடும். வாப்பாவுக்கும் தெரியும், அண்ணனுக்கும் நல்லாத் தெரியும்" என்கிறாள். நீங்களாவது சொல்லியிருக்கலாம் மச்சான். இத்தனை நாள் நீ ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "ரிட்டயராகி வந்ததுலேந்து அடுப்பாண்ட நின்னுக்கினு உப்பு போட்டியா புளி போட்டியான்னு உயிர எடுத்தீங்க. அந்த வண்டிகிட்ட போனப்புறந்தான் நான் நிம்மதியா சோறாக்குனேன். உங்க மூஞ்சியிலயும் ஒரு களை வந்துச்சி. அதப் போய்க் கெடுப்பாங்களா?" என்றாள். மனசு குளிர்ந்துதான் போயிற்று. கல்யாணத்துக்கு நாங்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறோம், தெருவில் இடம் ஒழிக்க வேண்டாம். இரும்புக்காரர் வந்து தாராளமாக எடுத்துப் போகட்டும் என்கிறாள் மஸூதா. ஆனால் மண்ணடிப் பக்கம் ஓடவே ஓடாத வண்டி வேறு ஏதாவது கிடந்தால் முதலில் அதை இங்கே அனுப்பி வைத்துவிட்டு, பிறகு இதை எடுக்கச் சொல்கிறாள்.