என் கால்களின் சுதந்திரம்

நாடு சுதந்திரம் அடைந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. என் கால்கள் இன்னும் அடையவில்லை. இது என்ன நியாயம், ஐயா?

பூட்ஸ் போடாமல் யாரும் ஆபீசுக்கு வரக்கூடாது என்று புது அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். என் பூட்ஸோ தொப்பைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. குனிந்தால் மூச்சு நின்றுவிடும். அதில் சில சௌகரியங்களும் உண்டு. வீட்டில் கீழே கிடக்கும் எந்த வேலையும் என் கண்ணில் படாது. ஆனால் தினமும் நாடாவைக் கட்டுகிறவள் என் மனைவி அகிலாண்டம். அது பூட்ஸ் அல்ல, பூட்டு. சாவி அவள் கையில்.

"ஞாயித்துக்கிழமை முக்கொம்பு போறோமா, இல்லையாங்க?" என்பாள், நாடாவைப் பிடித்துக்கொண்டு.

"பஸ் போயிடும்டி!"

"அப்ப சீக்கிரம் சொல்லுங்க."

அடிமை வாழ்வு! ஒருநாள் பொங்கிவிட்டேன். "சீமையில தொப்பையை அறுத்தே எடுத்துடறாங்களாம். நானும் எடுக்கப்போறேன்!"

"ஐயோ, என் தாலி!" என்று அலறினாள். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

மறுநாளே எங்கள் குடும்ப டாக்டர் தைரியராஜிடம் போனேன். தைரியமெல்லாம் அவர் பேரில்தான் இருந்தது. என்னிடம் இல்லை.

"வெட்டிடலாம்," என்றார். "அதுக்கு முன்னாடி மூணு மாசம் கேப்பைக் கஞ்சி. ஆபீசுக்கு நடைதான்."

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டித் தினம் நடந்தேன். எதிரே மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார். அவருக்கு மட்டும் தொப்பையும் உண்டு, கொழுக்கட்டையும் உண்டு! கஞ்சி குடித்த வயிறு எரிந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "இங்க வெட்டறதுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை அகிலாண்டத்தின் எதிரிலேயே குனிந்தேன். நானே நாடாவைக் கட்டினேன். நிமிர்ந்தேன். "பாத்தியா? இனிமே யார் தயவும் வேணாம்!"

"ரொம்ப சந்தோஷங்க," என்று துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள். "வாசலைப் பெருக்கிட்டுக் கிளம்புங்க."

"நானா?"

"இத்தனை வருஷமா எதைச் சொன்னாலும் 'குனிய முடியலையே'ன்னுதானே சொன்னீங்க? கத்தி வேணாம், கஞ்சி போதும்னு நான்தான் முந்திப் போய் டாக்டர்கிட்ட சொல்லிவெச்சேன். ஆனாலும் ஆபரேஷன் நடந்துடுச்சுங்க. எடுத்தது தொப்பையை இல்ல, உங்க சாக்கை!"

குனியக் குனியக் குட்டுவார்கள் என்று சொல்லுவார்கள். நான் குனிந்தது ஒரே ஒரு தடவை, ஐயா!