ஒரு குறையும் இல்லாத கார்

பழுதே ஆகாத கார் இந்த உலகத்தில் உண்டா? உண்டு. பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இவர்கள் தனி இனம். புதிதாக வாங்கினால் வீட்டை விற்க வேண்டியிருக்கும் ஜெர்மன் காரை, யாரோ ஒருவர் ஆறு வருஷம் ஓட்டிக் களைத்த பிறகு, சாதாரணக் காரின் விலைக்கு வாங்கி, போர்ட்டிகோவில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, அதன்மேல் சாய்ந்தபடி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொள்வார்கள். அத்தோடு சந்தோஷம் முடிந்தது. கௌரவம்தான் அன்றிலிருந்து ஆரம்பம்.

அரியலூர் வேணுகோபால் இந்த இனத்தில் அசல். ஆலத்தியூர் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் நாலு லாரிகளுக்குச் சொந்தக்காரர். லாரி நின்றுவிட்டால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்துவிடுவார். கியர் பாக்ஸ் போயிற்று, கிளட்ச் போயிற்று என்று டீக்கடையில் நாலு பேரிடம் வாய்விட்டுப் புலம்புவார். கார் விஷயம் அப்படியில்லை. அதன் பானெட்டை அவர் ஒரே ஒரு முறைதான் திறந்தார். எஞ்சினே கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்றும் அதன்மேல் கம்பெனிச் சின்னமும்தான் இருந்தன. மரியாதையாக மூடிவிட்டார்.

அதன்பிறகு கார் பழுதானதே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தால் "வண்டி நம்மகிட்ட பேசுது." பாட்டரி இறங்கிக் கதவே திறக்காவிட்டால் "செக்யூரிட்டி அவ்வளவு ஸ்ட்ராங்." ஜெயங்கொண்டம் சாலைப் பள்ளத்தில் அந்த மெல்லிசு டயர் வெடித்தால், குற்றம் சாலைமேல், அந்த டயர் லாரி டயரைவிட விலை அதிகம் என்பதை மட்டும் எவரிடமும் மூச்சு விடமாட்டார். ஒருமுறை சர்வீசுக்குப் போய் வந்தால் ஒரு லாரியின் மாத வருமானம் காணாமல் போகும். நாலு லாரிகள் எதற்காக ஓடுகின்றன? ஒரு கார் ஓடாமல் நிற்பதற்காக.

இந்த நிலைமையில்தான் அவர் மகள் சிந்துவுக்குப் பெரம்பலூரிலிருந்து வரன் வந்தது. பையன் பரணிதரனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அப்பா கலைவாணன் சின்ன வெங்காய மண்டி வைத்திருப்பவர். "அவங்களும் பெரிய கார் வெச்சிருக்காங்க," என்றார் தரகர். சிறுவாச்சூர் கோயிலில் இரண்டு தகப்பன்களும் சந்தித்து ஜாதகத்தை மாற்றிக்கொண்டார்கள். ஜாதகம் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது.

"வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. ஒரு ஸ்பேனர் பட்டதில்ல," என்றார் வேணுகோபால்.

"பெட்ரோல் போடுறதத் தவிர நம்ம வண்டிக்கும் ஒரு செலவு கெடயாதுங்க," என்றார் கலைவாணன்.

இப்படி இரண்டு நேர்மையான குடும்பங்கள் கலந்து பேசி, வருகிற ஞாயிற்றுக்கிழமை அரியலூர் வந்து பெண்ணுக்குப் பூ வைப்பதென்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலையில் வேணுகோபால் பல் துலக்கிக்கொண்டே போர்ட்டிகோவுக்கு வந்தால், கார் படுத்திருந்தது. லாரிக்கு ஸ்பிரிங் பட்டை இருக்கிற இடத்தில் இந்தக் காருக்குக் காற்றுப் பை. அதில் காற்று இறங்கிவிட்டால், குட்டையில் இறங்கிய எருமை மாதிரி முன்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். மனைவி சுமதி கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"என்னங்க, படுத்துடுச்சா?"

"பார்க்கிங் மோடுல இருக்கு."

"ஞாயித்துக்கெழம அவங்க வரப்பயும் அதே மோடுலதான் இருக்குமா?"

வேணுகோபால் கொப்பளிக்கப் போனார். வாய் நிறையப் பற்பசை இருந்தது நல்லதாகப் போயிற்று. அரைமணியில் இழுவை வண்டி வரவழைத்தார். காரைத் தூக்கி ஏற்றியதும் லாரித் தார்ப்பாயைப் போட்டுத் தலைமுதல் கால்வரை மூடினார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது, "பாலீஷ் போட திருச்சிக்கு அனுப்புறேன்," என்றார். தானும் பின்னாலேயே பஸ் ஏறினார்.

திருச்சி சர்வீஸ் சென்டரில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. உட்கார்ந்தால் தலை மறைகிற உயரத்துக்கு முதுகு வைத்த சோபாக்கள். ஏசி. மூலையில் ஒரு காபி மெஷின். காபி இலவசம், அங்கே அது ஒன்றுதான் இலவசம். வேணுகோபால் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொள்வதற்குள் போன் அடித்தது. கலைவாணன்.

"வணக்கங்க. ஞாயித்துக்கெழம நேரத்தப் பத்தி பேசலாம்னு கூப்புட்டேன். எங்க இருக்கீங்க?"

"சென்னையில ஒரு மீட்டிங்குங்க. காலைல நம்ம வண்டியிலயே கெளம்பி வந்துட்டேன். நீங்க?"

"நானும் வெளியூர்தாங்க. பெங்களூர்ல ஒரு பார்ட்டி. நம்ம வண்டியிலதான். சும்மா பறக்குது."

அப்போது யாரோ காபி மெஷின் பொத்தானை அழுத்தினார்கள். அது 'கர்ர்ர்' என்று அரைத்தது. அந்தச் சத்தம் வேணுகோபாலுக்கு ஒரு காதில் நேராகவும், மறு காதில் போன் வழியாகவும் கேட்டது. அந்தப் பக்கமும் பேச்சு நின்றுவிட்டது. இருவரும் மெல்ல எழுந்து திரும்பினார்கள். முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்த இரண்டு சோபாக்களுக்கு மேலே, போனைக் காதில் வைத்தபடி, சென்னையும் பெங்களூரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

வேணுகோபாலுக்கு ஏசியிலும் வியர்த்தது. காருக்கே இவ்வளவு பொய் சொல்கிற மனுஷன் பெண்ணைப் பற்றி என்னவெல்லாம் மறைத்தாரோ என்று கலைவாணன் வீட்டில் போய்ச் சொன்னால்? சிந்துவும் அந்தப் பையனும் தினமும் போனில் பேச ஆரம்பித்திருந்தது அவருக்குத் தெரியும். இத்தனை நாள் இல்லாத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்திருந்தது. அதை ஒரு காற்றுப் பைக்காகத் தொலைத்துவிட்டோமே என்று நினைத்தார்.

இரண்டு பேரும் அவரவர் சோபாவில் உட்கார்ந்தார்கள். சிறிது நேரத்தில், கழுத்தில் டையும் கையில் டேப்லெட்டுமாக ஒருவர் வந்து வேணுகோபால் முன்னால் பணிவாகக் குனிந்தார்.

"சார், முன்பக்கம் ரெண்டு பையும் மாத்தணும். அப்படியே அதுக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசரும் மாத்திட்டா நல்லது. எல்லாம் சேத்து மூணரை லட்சத்துக்குள்ள முடிச்சுடலாம்."

வேணுகோபால் தலையாட்டத் தயாரானார். இந்த இனம் அங்கே தலையை மட்டும்தான் ஆட்டும். அந்த நேரத்தில் பின் சோபாவிலிருந்து குரல் வந்தது.

"கம்ப்ரசர மாத்தாதீங்க. எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க. மாத்துனேன். ரெண்டாவது மாசமே மறுபடியும் படுத்துடுச்சு."

சொல்லிவிட்டுக் கலைவாணன் தரையைப் பார்த்தார். வேணுகோபால் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுதும் படுக்குமாங்க?"

"படுக்கும். ஆயிலும் ஒழுகும். போர்ட்டிகோ டைல்ஸ மாத்தி ரெண்டு தடவ ஆச்சு."

அப்புறம் மடை திறந்துவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர்கள் இருவர் ரயிலில் சந்தித்துக்கொண்ட மாதிரி, சென்சார், கூலன்ட், ப்ரேக் பேட், இன்சூரன்ஸ் என்று பெண்டாட்டிகளிடம் மறைத்த அத்தனையையும் ஒருவர் மடியில் ஒருவர் கொட்டினார்கள். சாயங்காலம் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். பெரம்பலூரில் இறங்கும்போது கலைவாணன், "வரேன் சம்மந்தி," என்றார். வேணுகோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது.

திருந்திவிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனம் திருந்தாது. ஞாயிற்றுக்கிழமை கலைவாணன் குடும்பம் வாடகை வேனில் வந்து இறங்கியது. போர்ட்டிகோ காலியாக இருந்தது. பையனின் தாய்மாமன் சுரேஷ்குமார், "ரெண்டு வூட்டுக் காரையுமே காணோமே?" என்று கேட்டார்.

"சம்மந்தி கார ஒரு வி.ஐ.பி. கேட்டாங்கன்னு அனுப்பியிருக்காரு. அப்படி ஒரு வண்டி இந்த ஜில்லாவுலயே கெடயாது," என்றார் கலைவாணன்.

"அவங்களுத விடவா? அது தரையிலயா போவுது, மெதந்துல்ல போவுது," என்றார் வேணுகோபால்.

முன்பு அவரவர் காருக்குத்தான் பொய் சொன்னார்கள். இப்போது அடுத்தவர் காருக்கும். சுரேஷ்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நானும் அதுல ஒண்ணு வாங்கிடட்டுமா மாமா?"

இருவரும் வாயைத் திறப்பதற்குள், கேசரித் தட்டோடு வந்த சுமதி நிதானமாகச் சொன்னாள். "வேணாம் தம்பி. மேல கண்ணாடி தொறக்கும், ஆகாசம் தெரியும்னு சொல்லித்தான் இவங்களும் வாங்குனாங்க. இப்ப மூட மாட்டேங்குது. மழ பேஞ்சா நான் உள்ள கொட புடிச்சுட்டு உக்காந்திருக்கேன்."

கலைவாணனின் மனைவி மலர்கொடி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்க வூட்லயும் கொடையா? நான் போன கார்த்திகையில ரெயின்கோட்டே வாங்கிட்டங்க."

முதலில் சிரித்தவள் சிந்து. பிறகு இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே மலர்கொடி எழுந்து போய் சிந்துவின் தலையில் பூவை வைத்துவிட்டாள். இரண்டு தகப்பன்களும் கேசரியில் முந்திரி தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

உங்களிடம் கார் இல்லை, அதனால் நிம்மதியாகச் சிரிக்கலாம் என்கிறீர்கள். நல்லது. ஆனால் சக்திக்கு மீறி விலை கொடுத்து, ஊரெல்லாம் சொல்லி வாங்கிய பொருள் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்குமே. மசாஜ் நாற்காலியோ, மாடுலர் கிச்சனோ, இல்லை மனையோ. அது எப்படியிருக்கிறது என்று விருந்தாளி கேட்டால், "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்வதற்கு முன்னால், அடுப்படிப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறீர்களா?

பார்ப்பதுண்டு என்றால், பயப்படாதீர்கள். நான் உங்களைச் சொல்லவில்லை.