பம்ப் மோட்டாரும் பெண் பார்க்கும் படலமும்

மின்சார வேலை ஒன்று முதல் முயற்சியிலேயே குறையில்லாமல் முடிந்தால் சந்தேகப்பட வேண்டும். அப்போது எனக்குச் சந்தேகப்படும் பழக்கம் இருந்தது (மற்றவர்கள் செய்யும் வேலைமீது).

ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு சாயத் தொழிற்சாலை. அங்கே கார் அளவுக்கு ஒரு பம்ப் மோட்டார். கிளம்பும்போதே மின்சாரத்தை மொத்தமாக இழுக்கும். வோல்டேஜ் சரிந்து, ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அணைந்துவிடும். மோட்டாரைப் படிப்படியாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற பெட்டியைப் பொருத்த, கம்பெனி என்னை முதன்முறையாகத் தனியே அனுப்பியது.

அங்கே எலெக்ட்ரிகல் மேனேஜர், ஈஜிபுராவில் குடியிருந்த செல்வராஜ் சார். அவர் மகள் நிர்மலாவை அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. உதவிக்கு அவர் அனுப்பிய எலெக்ட்ரீஷியனிடம், "நான் பாத்துக்கறேன், நீங்க டீ சாப்பிடுங்க" என்றேன்.

ஜெனரல் மேனேஜர் முன்னிலையில் பட்டனை அழுத்தினேன். மோட்டார் பூனைபோல் எழுந்து சுற்றியது. ஒரு விளக்குகூட மங்கவில்லை. கை தட்டினார்கள். நான் பேசினேன். எந்திரங்களிடம் அன்பாக நடந்துகொள்வது பற்றியும் பேசியதாக ஞாபகம்.

ஜெனரல் மேனேஜர் முழுவதும் கேட்டுவிட்டு, கன்னடத்தில், "எல்லா சரி. நீரு எல்லி?" என்றார்.

தண்ணீர் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. செல்வராஜ் சார் மோட்டாரை நிறுத்தச் சொல்லி, அதன் விசிறி ஓய்வதைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, உல்டாவா சுத்துது."

"சார்?"

"ரெண்டு வயரை மாத்திக் குடுத்துட்டீங்க. தண்ணி தூக்குற வேலையே இல்லைன்னா அது கரண்ட்டை எதுக்கு இழுக்கப் போவுது?"

வயரை மாற்றினேன். தண்ணீர் வந்தது. கம்ப்யூட்டர்கள் அணைந்தன. மாலைவரை பெட்டியைத் திருகித் திருகி, விளக்கு லேசாக மங்குவதோடு நிறுத்தினேன். யாரும் கை தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகாமலிருக்க ஜுரம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. காபி கொடுத்துவிட்டு நிர்மலா சொன்னாள்:

"அப்பா எல்லாத்தையும் சொன்னாரு."

"எல்லாத்தையுமா?"

"ஸ்பீச்சையும்."

அதோடு முடிந்தது என்று கிளம்பினேன். மறுநாள் சம்மதம் என்று போன் வந்தது. ("கேட்டதும் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. வேற எந்த மாப்பிள்ளையும் அப்படிச் சிரிக்க வெக்கல" என்று பிற்பாடு காரணம் சொன்னாள்.)

கல்யாணத்தில் அக்னியை வலம்வர எழுந்தபோது மாமனார் புரோகிதரிடம், எல்லார் காதிலும் விழும்படி, "சாமி, எந்தப் பக்கம் சுத்தணும்னு மாப்பிள்ளைக்கு முன்னாடியே காட்டிடுங்க" என்றார்.

இன்றும் எந்தக் கோயிலில் பிரகாரம் சுற்றப் போனாலும், நிர்மலா என் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டுத்தான் நடக்கத் தொடங்குகிறாள். இப்போது மகளும் மறு தோளைப் பிடிக்கிறாள்.