ஒரு முகவரிக்கு ஒரு கவர்

ஓய்வு பெற்ற அரசு ஊழியனிடம் பேரக்குழந்தையைக் கொடுக்கலாம், ரேஷன் கடை வரிசையில் நிற்கப் பையைக் கொடுக்கலாம். பட்டியலை மட்டும் கொடுக்கக் கூடாது. திருத்திவிடுவான்.

எங்கள் குலதெய்வக் கோயில் கீழப்பாவூர் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவான கொடைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தபாலில் நோட்டீஸ் போகும். வாட்ஸப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் எங்கள் ஆட்களை அறியாதவர்கள். கவர் வந்தால்தான் அழைப்பு. (வாட்ஸப்பில் வருவது குட்மார்னிங்.)

அந்த ஆண்டு கோயில் செயலாளர் வேலாயுதம் அண்ணாச்சி முகவரிப் பட்டியலைத் தென்காசியில் என் வீட்டுக்கே கொண்டுவந்தார். "நீங்க ஆபீஸ்ல தபால் செக்‌ஷன்ல இருந்தவுக. சும்மா ஒரு பார்வை பாத்து அனுப்பிருங்க" என்றார்.

சும்மா ஒரு பார்வையா? பணிக்காலம் முழுக்க ஒரு காகிதத்தையும் சும்மா பார்த்து அனுப்பாதவன் நான்.

பட்டியலைப் பார்த்ததும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. 'புளியமரத்துக்கு எதிர்த்தாப்புல' என்று ஒரு முகவரி. அந்தப் புளியமரத்தை வெட்டி அங்கே செல்போன் கடை வந்து வெகுகாலம் ஆகிறது. (கவர் மட்டும் வருடம் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை நான் ஒரு சான்றாகவே ஏற்கவில்லை.) எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன், பின்கோடு போட்டேன். அடுத்து, இறந்தவர்களை நீக்குவது. அதற்கு நேரடிச் சரிபார்ப்புதான் முறை. ராயகிரிக்குப் போன் போட்டேன்.

"சுப்பையா அண்ணாச்சி உயிரோட இருக்காகளா?"

"நாந்தான் பேசுதேன். ஏன், ஒமக்கு ஏதும் தகவல் வந்துச்சா?"

'உள்ளார்' என்று குறித்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தப் பெரிய முறைகேட்டைக் கண்டுபிடித்தேன். ஒரே கதவு எண்ணுக்கு இரண்டு மூன்று நோட்டீஸ்! அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, அடுத்த மகனுக்கு ஒன்று. ஒரு முகவரிக்கு ஒரு கவர் என்று விதி செய்தேன். மூத்தவர் பெயரை வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கினேன். நீக்கப்பட்டவர்களைத் தனித்தாளில் 'இணைப்பு - 2' என்று அச்சடித்து வைத்தேன். கோப்பு என்றால் இணைப்பு வேண்டும்.

என் மனைவி கோமதி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கதவ எண்ணாதிய. அடுப்ப எண்ணுங்க."

அவள் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் கோயிலில் கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தவன் ஒரு தலைக்கட்டு. ஒரே வீட்டு மாடியில் இருந்தாலும் அவனுக்கு வரி தனி, நோட்டீஸ் தனி. கொடையன்று அவன் மனைவி பொங்கல் வைக்கத் தனி இடம். ஆனால் அது வேறு, தபால் வேறு என்று நினைத்தேன். (அனுப்பி முடித்ததும் அண்ணாச்சி என் பட்டியலையே வரிக்கும் பொங்கல் இடத்துக்கும் வைத்துக்கொள்வார் என்பது அலுவலக நடைமுறை விதிகளில் எங்கும் எழுதப்படவில்லை.)

நீக்கப்பட்டவர்களில் என் மகன் முருகேசனும் உண்டு. புதிதாகக் கல்யாணமாகி மாடியில் தனி அடுப்பு வைத்திருந்தான். மருமகள் மலர்விழி இலத்தூர்க்காரி. அவளுக்கு இது முதல் கொடை. பொங்கல் வைக்கவென்றே பிறந்த வீட்டில் புது வெண்கலப் பானை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

"மாமா, எங்களுக்கு நோட்டீஸ் வரலியே?" என்று கேட்டாள்.

"ஒரு முகவரிக்கு ஒரு கவர்ம்மா. அதான் முறை."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். விதியை ஏற்றுக்கொண்டாள் என்று மகிழ்ந்தேன்.

கொடையன்று காலை கோயில் முன்னே கோலமாவில் கட்டம் போட்டு, அண்ணாச்சி என் பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகப் பொங்கலுக்கு இடம் கொடுத்தார். பட்டியல் முடிந்தது. புதுமருமகள்கள் ஒரு கூட்டமாகப் பானையோடு நின்றார்கள். மலர்விழியின் அப்பா என்னிடம் வந்தார்.

"சம்பந்தி, எம்மவளுக்கு எடம் எங்கன? இல்ல, பானைய வண்டியிலேயே வச்சிரட்டா?"

அதற்குள் வேன் வந்து நின்றது. குற்றாலத்துக்குத் தீர்த்தம் எடுக்கப் போன இளவட்டங்கள். முருகேசன் முன்னால், ஈரத்தலையோடு, தோளில் குடத்தோடு. பின்னால் வந்த அத்தனை பேரும் இணைப்பு - 2. மலர்விழி அன்று போனில் யாரையெல்லாம் கூப்பிட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது. வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"தலைக்கட்டு இல்லாதவன் கொண்டாந்த தீர்த்தம் அம்மனுக்கு ஆகுமாப்பா?" என்றான் என் மகன்.

"ஏலே, பெரியப்பா ரூல்படி எல்லாம் ஒரே அருவித் தண்ணி. ஒரு கொடம் போதும்லா!" என்றான் என் தம்பி மகன்.

பூசாரி உள்ளேயிருந்து கத்தினார். "அபிசேகத்துக்குத் தண்ணியில்லாம ஆத்தா நிக்கா. கொடத்த வாங்குதியளா, இல்ல நட சாத்தவா?"

அண்ணாச்சி மைக்கை என் கையில் கொடுத்தார். நல்ல வேளையாக இணைப்பு - 2 என் பையில் இருந்தது. வாசித்தேன். ஒரு பெயருக்கு ஒரு குடம் உள்ளே போனது. கடைசியில் மகன் பெயர். வாசித்தேன். அவன் அசையவில்லை.

"அட்ரஸயும் சேத்துச் சொல்லுங்கப்பா."

"மாடி வீடு" என்றேன். அவன் அப்போதும் நின்றான். "தனி அடுப்பு." நாலு திசை வயலுக்கும் ஒலிபெருக்கி அதைச் சொன்னது. குடம் உள்ளே போனது.

புதுக்கட்டங்கள் போட இடம் போதவில்லை. கோமதி எங்கள் பானையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "ஏட்டி மலரு, இங்கன வையி. நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்." மலர்விழியின் பானை குலவைச் சத்தத்தோடு பொங்கி வழிந்தது. எங்கள் பானை, செருப்புக் கழற்றிப்போடும் இடத்தில், புகைந்து புகைந்து ஒருவழியாகப் பொங்கியது.

மறு ஆண்டிலிருந்து பட்டியல் மலர்விழியிடம். அடுப்பை எண்ணித்தான் அனுப்புகிறாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு கவர் வருகிறது. ஒன்று, 'திருமதி மலர்விழி முருகேசன்'. இன்னொன்றில் என் பெயருக்குக் கீழே, 'மலர்விழி வீட்டுக் கீழ்ப்பகுதி'. புதிதாக வந்த தபால்காரர் வாசலில் நின்று, "மலர்விழி வீட்டுக் கீழ்ப்பகுதி சார், தபால்!" என்று கூப்பிட, தெருவே இப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது.

கவரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிச் சரிபார்க்கிறேன். பின்கோடு சரியாக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.