வண்டுக் கண்டாக்கு வைத்த பெயர்

மாட்டுச் சாணத்துக்கு இந்த மலைநாட்டில் யாராவது உரிய மரியாதை செலுத்தியிருக்கிறார்கள் என்றால், அது வண்டுக் கண்டாக்கு ஒருவர்தான். நாமெல்லாம் சாணத்தைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் குந்திவிடுவார். தோட்டத்துத் துரைக்கு முன்னால்கூட அந்தத் தொப்பி அவ்வளவு சீக்கிரம் இறங்கியதில்லை.

நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தபோது, அவர் மேல் டிவிசனில் கண்டாக்கு. கொழுந்து பறிக்கிறவர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி, மலை மலையாக ஏறி இறங்கி மேற்பார்க்கிற உத்தியோகம். நேரில் 'கண்டாக்கையா' என்போம். முதுகுக்குப் பின்னால் 'வண்டுக் கண்டாக்கு'. அவருக்கும் இரண்டாவது பெயர்தான் பிடித்திருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சாணி வண்டில் மூன்று வகை உண்டு என்பார். ஒன்று, சாணத்தை உருண்டையாக்கி உருட்டிக்கொண்டு தூரத்துக்குப் போய்விடும். இன்னொன்று, சாணத்துக்கு நேர் கீழே சுரங்கம் தோண்டி உள்ளே இழுத்துப் புதைக்கும். மூன்றாவது எங்கேயும் போகாது. விழுந்த சாணத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும். இதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. தோட்டத்து ஆட்களையும் அதே மாதிரி பிரித்து வைத்திருந்தார். சில வருடத்துக்கு ஒரு முறை மேசை நாற்காலியோடு அடுத்த தோட்டத்துக்கு மாறிப்போகிற துரை, உருட்டுகிற வகை. ஸ்டோருக்குள் போன சாமான் எதுவும் திரும்ப வெளிச்சத்தைப் பார்க்காததால் ஸ்டோர்க்காரர் புதைக்கிற வகை. ஒரே நாற்காலியில் பென்சன் வரை உட்காரத் தீர்மானித்துவிட்ட பெரிய கிளாக்கர், குடியிருக்கிற வகை. இது காதில் விழுந்த நாள் முதல் பெரிய கிளாக்கர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் எந்த வகை என்று ஆசையாகக் கேட்டேன்.

"நீங்க இன்னும் புழு தம்பி. எறகு மொளைக்கட்டும், பாப்போம்" என்றார்.

ஒரு மார்கழிக் காலையில் கொழுந்து பறிக்கிற லெச்சுமி அக்காவின் லயத்து வீட்டு வாசலில், கோலத்தின் நடுவே பிடித்து வைத்திருந்த சாணிப் பிள்ளையார் அசைந்தார். தலையில் செருகிய அறுகம்புல் தானாக ஆடியது. உடனே சூடம் வந்தது, தேங்காய் வந்தது, பக்கத்து டிவிசன் ஆட்கள் வந்தார்கள். வேலைக்குப் பெயர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்கு யாரும் போகவில்லை. ஆளைக் காணோமே என்று சத்தம் போட வந்த கண்டாக்கு, கூட்டத்தை விலக்கி மண்டியிட்டு, பிள்ளையாரை உற்றுப் பார்த்தார்.

"இது பொதைக்கிற வகை. விட்டா சாயங்காலத்துக்குள்ள சாமிய மண்ணுக்குள்ள கொண்டு போயிரும்" என்றார்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை மெல்லத் தூக்கி, அடியிலிருந்த வண்டை எடுத்து வேலியோரம் விட்டார். கூட்டம் சப்பென்று கலைந்தது. லெச்சுமி அக்காவுக்கு மட்டும் பெரிய வருத்தம். தன் வாசலுக்குக் கடவுள் வந்ததே முதல் தடவை, ஐயா இன்னும் கொஞ்சம் தாமதித்து வந்திருக்கக் கூடாதா என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்டாக்குக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசமாட்டோம். அவருக்கு ஒரே மகள், பெயர் பவானி. வண்டுப் பைத்தியம் உண்மையில் அந்தப் பிள்ளைக்குத்தான். சாப்பாட்டுப் பெட்டியில் வண்டு பிடித்து வந்து அப்பாவிடம் திட்டு வாங்குமாம். எட்டாம் ஆண்டு படிக்கும்போது காய்ச்சல் கண்டது. விடாத மழையில் ஹட்டனுக்குப் போகும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. சுற்றுப் பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தோட்டத்து மயானத்தில் புதைத்துவிட்டு, காரியங்கள் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது, அவள் கட்டிலுக்கு அடியில் மண் நிரப்பிய ஒரு போத்தல் இருந்தது. அதற்குள் கறுப்பாக, முதுகில் பச்சை மினுங்க, பிளந்த கொம்போடு ஒரு வண்டு இன்னும் உயிரோடிருந்தது. அதை வெளியே விட்டவர், அன்று தொடங்கி அதன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார்.

பவானியைப் பெற்ற அம்மா அதற்குப் பிறகு வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. சில வகைகளில் தாய் வண்டு, குஞ்சுகள் வளரும் உருண்டைகளை விட்டு நகராது என்று கண்டாக்கு எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். தீனி எடுக்காமல், பூஞ்சணம் பிடிக்காமல் துடைத்துத் துடைத்து, மண்ணுக்குள்ளேயே காவல் இருக்குமாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் தன் குவாட்டர்ஸ் பக்கம் பார்க்கமாட்டார்.

அவருடைய பென்சன் நெருங்கியது. பென்சன் வந்தால் குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்தை விட்டுப் போகவேண்டும். மகள் மட்டும் இங்கேயே கிடக்கவேண்டும். மயானத்தில் பழைய குழிகளை மானாப்புல் மூடிவிட்டதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு நாள் என்னிடம் கேட்டேவிட்டார்.

"நாங்க போனப்புறம் இந்த மலையில எம் புள்ள பேரச் சொல்ல யாரு தம்பி இருக்கா?"

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. போத்தலில் இருந்த அந்தப் பச்சை மினுக்கு வண்டு, அவர் புரட்டிய எந்தப் படப் புத்தகத்திலும் இல்லை. இதுவரை யாரும் கண்டுபிடிக்காத இனமென்றால், அதற்கு ஒரு பெயர் வைக்கலாம். முதலில் எழுதி வைத்த பெயர்தான் செல்லும், உலகம் அழியும்வரை ஒருவரும் மாற்ற முடியாது. பவானி என்று வைத்துவிட்டால் போதும், நிம்மதியாகப் போய்விடுவேன் என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது அந்த அம்மா கொதித்துப்போனார்.

"போயும் போயும் சாணியில கெடக்கறதுக்கா எம் புள்ள பேர வைக்கப் போறீங்க?"

ஆனாலும் கண்டாக்கு, மேல் காட்டை ஆராய வந்த ஒரு சிங்கள விரிவுரையாளரிடம் இரண்டு வண்டுகளைக் கொடுத்தனுப்பினார். பார்த்துச் சொல்வதாக அவர் ஆபீஸ் நம்பரை வாங்கிப் போனார். அதற்குப் பிறகு உர லொறிக்காக டெலிபோன் அடித்தாலும் கண்டாக்கு மலையிலிருந்து ஓடிவருவார். பெரிய கிளாக்கரே மனமிளகி, 'இல்லை' என்று தலையாட்டுமளவுக்குச் சமாதானமாகிவிட்டார்.

கடைசியில் அழைப்பு வந்தபோது எடுத்தவன் நான். விரிவுரையாளர் தயங்கித் தயங்கிச் சிங்களத்தில் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்திலேயே இதே மலையில் பிடித்த இனமாம். சீமையில் ஏதோ ஒரு அலமாரியில், யாரோ ஒரு தோட்டத் துரையின் பெயரோடு இருக்கிறதாம். தன் தப்பைப் போல அவர் பல தடவை மன்னிப்புக் கேட்டார். கண்டாக்கு வாசலில் குடையோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"அப்ப அதுக்கு ஏற்கனவே பேரு இருக்கா?"

"இருக்குங்கய்யா. யாரோ ஒரு தொர பேரு."

தொப்பியைக் கழற்றி மழைத் தண்ணீரை உதறினார்.

"அது அந்தத் தொர பேருதானா, அவரு புள்ள பேரா?"

"தெரியலீங்கய்யா."

"புள்ள பேரா இருந்தா பரவாயில்ல தம்பி."

குடையை விரிக்காமலே மலையேறிப் போனார். அன்று முழுக்க எனக்கு ஒரு கணக்கும் ஓடவில்லை.

ஆபீசில் பேசியது அந்தி சாய்வதற்குள் லயமெல்லாம் பரவிவிடும். மறுநாள் கொழுந்து நிறுக்கும்போது லெச்சுமி அக்கா எல்லார் சார்பிலும் பேசினார்.

"தொர பேரெல்லாம் எங்க வாயில நொழையாதுங்கய்யா. நாங்க பவானின்னே கூப்புட்டுக்கிறோம்."

கண்டாக்கு தராசு முள்ளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் முள் சரியாகத் தெரிந்திருக்காது. அன்றைக்கு எல்லோருடைய கொழுந்துக்கும் தாராளமாகவே எடை விழுந்தது. அன்று முதல் கொழுந்துக் கூடையோடு இறங்குகிற பெண்கள், வழியில் அந்த வண்டைக் கண்டால், "பவானி போறா, பாத்து வா" என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளையைப் பார்த்தேயிராத வாண்டுகளும் அப்படித்தான் சொல்கின்றன.

இப்போது பென்சன் வாங்கிக்கொண்டு கண்டாக்கும் அந்த அம்மாவும் நுவரெலியாவில், அவருடைய தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் வரும். மழை எப்படி, கொழுந்து எப்படி, புதுக் கண்டாக்கு மலையேறுகிறாரா என்று விசாரிப்பார். பிறகு பேச்சு நின்றுவிடும். அப்போது பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்கும்.

"பவானி எப்பிடி இருக்கான்னு கேளுங்க."

நல்லா இருக்கா, காலையிலகூட மாட்டுப்பட்டியில பாத்தேன் என்பேன். அந்த அம்மாவிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் ஞாயிறு விடிந்ததும் முதல் வேலையாகப் பட்டிக்குப் போய், சாணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வெளியே வரும்வரை காத்திருந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.