புறப்பட்ட இடத்திலேயே இறங்கும் விமானம்

மதிப்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்கள் நலமாக இருப்பீர்கள். அத்தையின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி இருக்கும்.

போனில் பேசாமல் இப்படிக் காகிதத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். போன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' என்பேன். போன வாரமும் அப்படித்தான் ஆனது. உங்கள் நண்பரின் கிடங்கு ஆபீஸில் எனக்கு வேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், 'ம்' என்றேன். ஒண்ணாந்தேதி வந்து சேர வேண்டும் என்றீர்கள், அதற்கும் ஒரு 'ம்'. "இப்ப நீ பாக்குற வேலைதான் என்ன? நம்ம குடும்பத்துல மொதல்ல டிகிரி வாங்கினவ நீ. யாராச்சும் கேட்டா சொல்றதுக்கு ஒரு வார்த்தை இல்லையே" என்றீர்கள். அதற்கு மட்டும் 'ம்' பொருந்தவில்லை. வேறு ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் உங்களுக்கு இன்னொரு போன் வந்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய கொட்டகையில். நடுவில் வெள்ளைப் பெட்டி ஒன்று இரும்புக் கால்களில் நிற்கிறது. உள்ளே போனால் விமானத்தின் முன்பகுதி அச்சு அசலாக இருக்கும். இரண்டு நாற்காலி, எண்ண முடியாத பொத்தான்கள், ஜன்னல்களில் வானம். சொந்தமாகச் சின்ன ஜெட் விமானம் வாங்குகிற பெரிய மனிதர்கள் அதை ஓட்டிப் பழக வருகிற இடம் இது. பெட்டி குலுங்கும், சாயும், மூக்கைத் தூக்கும், ஆனால் கொட்டகையை விட்டு ஓர் அங்குலம் நகராது. இதைத்தான் அப்பா பக்கத்து வீட்டில் 'என் பொண்ணு ப்ளேன்ல வேலை பாக்குறா' என்று சொல்லி வைத்திருக்கிறார். பயிற்சியில் முக்கால்வாசி, சர்க்யூட் என்று ஒன்று. ஓடுதளத்திலிருந்து கிளம்பி இடது பக்கம் திரும்பு, மறுபடி இடது, ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் பற, இன்னும் இரண்டு இடது, கிளம்பிய இடத்திலேயே இறங்கு. எந்த ஊருக்கும் போவதில்லை. இறங்கியதும் மறுபடி கிளம்ப வேண்டும். அம்மாவிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு அவங்க வீட்டுலயே இருந்திருக்கலாமே" என்றாள்.

என் இடம் அந்த இரண்டு நாற்காலிகளுக்குப் பின்னால். திரையைப் பார்த்துக் காற்றும் மழையும் மூடுபனியும் போடுவேன். அதோடு, விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமும் நான்தான். டவர் என்பார்கள். விமானி 'இறங்கலாமா' என்று கேட்டால் 'இறங்கலாம்' என்று மைக்கில் சொல்ல வேண்டும். கல்லூரியில் வருகைப் பதிவின்போது வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கியவளை இந்த வேலைக்குப் பொறுக்கி எடுத்தவருடைய அறிவை நீங்கள் மெச்ச வேண்டும்.

போன வாரம் வந்தவர் ஒரு டைல்ஸ் முதலாளி. சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் உண்டு, இப்போது ஜெட் வாங்கியிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் துணை விமானியாக உட்கார அவர் தேர்ந்தெடுத்தது உலகத்தில் அவரை எதிர்த்துப் பேசாத ஒரே ஆளை, அவர் மனைவியின் தம்பியை. என் பக்கத்தில் பயிற்சி கொடுக்கும் கேப்டன். அவர் வாய் திறக்க மாட்டார். கேட்டால், "தப்பு பண்ணட்டும்மா, அதுக்குத்தானே இந்தப் பொட்டி" என்பார். முதல் சுற்றில் முதலாளி நன்றாகத்தான் கிளம்பினார். இணையாகப் பறக்கும்போது ஓடுதளம் பக்கத்து ஜன்னலில் கொஞ்ச தூரம் கூடவே வரும், பின்னால் நழுவியதும் திரும்பத் தொடங்க வேண்டும். இவர் திரும்பவில்லை, போய்க்கொண்டே இருந்தார். ஜெட் ஆயிற்றே, நினைத்து முடிப்பதற்குள் வயலெல்லாம் தாண்டி மலை வந்துவிட்டது. "ஓடுதளத்தக் காணோமே" என்றார். "இப்பதான் இங்க இருந்துச்சு அத்தான்" என்றார் தம்பி. முதலாளி காரை ரிவர்ஸ் எடுப்பவர்போல நாற்காலி முதுகில் கை போட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் நான்தான் இருந்தேன். "ஏம்மா, நீ பாத்தியா?" என்று கேட்டார்.

அது போகட்டும். மூன்றாவது சுற்றில்தான் விஷயம். ஓடுதளத்துக்கு இணையாகப் பறக்கும்போதே சக்கரங்களை இறக்கிவிட வேண்டும். முதலாளி அந்த நேரம் குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் எது என்று கேப்டனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எச்சரிக்கை மணியைக் கேப்டன் முன்பே பழுதாக்கி வைத்திருந்தார், அதுவும் பாடத்தில் ஒரு பகுதி. தம்பியின் கண் சக்கரத்துக்கான கைப்பிடியில் பட்டது. "அத்தான்..." என்றார். "இருடா, பேசிட்டிருக்கேன்ல." தம்பி இருந்துவிட்டார். என் திரையிலும் சக்கரம் உள்ளேதான் இருந்தது. மைக் பொத்தானை அழுத்தினேன். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நீங்களெல்லாம் சேர்ந்து வளர்த்த பிள்ளை அல்லவா, அவர் வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தேன். அவர் வாக்கியத்தை முடிக்கிற ஆள் இல்லை, மாமா. பெட்டி ஒரு குதி குதித்தது. இரும்பு தரையில் தேய்கிற சத்தம் காதைக் கிழித்தது. விமானம் வயிற்றாலேயே இறங்கி நின்றது, திரையெல்லாம் சிவப்பு.

"டவர் என்ன தூங்குதா?" என்றார் முதலாளி.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "பாத்தல்ல? ஏன் சொல்லல?"

"சார் பேசிட்டு இருந்தாங்க. நடுவுல எப்படி..."

"எல்லாரும் செத்தாச்சு. இப்ப சொல்லு."

"சக்கரம் இறக்கலைங்க சார்" என்று சொன்னேன், ரொம்பப் பணிவாக.

"இந்தப் பொட்டியில இன்ஜின் கெட்டு செத்தவங்கள விட, மரியாதையில செத்தவங்கதான் ஜாஸ்தி" என்றார் கேப்டன். பிறகு, எல்லாருக்கும் உயிர் கொடுத்து மறுபடி ஓடுதளத்தில் நிறுத்தச் சொன்னார். அதையும் நான்தான் செய்தேன், ஒரு பொத்தான்தான். அடுத்த சுற்றில் விமானம் இறங்க வரும்போது ஓடுதளத்தின் குறுக்கே ஒரு லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கேப்டன் கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். லாரியைப் போட்டேன். முதலாளி இந்த முறை சக்கரத்தை இறக்கிவிட்ட பெருமையில் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். லாரி அவர் கண்ணில் படவில்லை. மெதுவாக, "சார், லாரி" என்றேன். "அப்புறம் பேசும்மா" என்றார். அப்போது என் தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடையது என்று எனக்கே தெரியவில்லை, உங்கள் சாயல் கொஞ்சம் இருந்தது. "இறங்காதீங்க. மேல போங்க. இப்பவே." அவ்வளவுதான். அவர் வாக்கியம் பாதியில் நின்றது, மூக்கு மேலே தூக்கியது, லாரி காலடியில் போனது. வயதில் பெரியவர், பணத்தில் பெரியவர், நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கேட்டார். இன்னொரு சுற்றில் தம்பியும், "அத்தான், வேகம் ஜாஸ்தி, கொறைங்க" என்று அதட்டினார். அவருடைய அக்காவுக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவாள். வெளியே வந்ததும் முதலாளி மேலாளரிடம், "அந்தப் பொண்ணு என்னையே அதட்டுது" என்று புகார் சொன்னார். அடுத்த வகுப்புக்கும் அந்தப் பெண்தான் டவராக இருக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, இதுதான் என் வேலை. நகராத விமானத்தில் எங்கும் போகாதவர்களுக்கு, இல்லாத லாரியைப் பார்த்து வழி சொல்வது. படித்த படிப்புக்கு இது அழகா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். உங்கள் நண்பரின் ஆபீஸில் ஃபேன் உண்டு, சுவரோரம் மேசை உண்டு, யாரிடமும் எதையும் உரக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. உங்கள் வார்த்தைக்கு நம் வீட்டில் மறுவார்த்தை இருந்ததில்லை. நீங்கள் சொன்னபடியே ஒண்ணாந்தேதி வந்துவிடுகிறேன்.

அத்தைக்கு என் அன்பு. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்

பி.கு.: ஒண்ணாந்தேதி வருவதாக மேலே எழுதியதைக் கை தானாகவே எழுதிவிட்டது. நான் வரவில்லை, மாமா. கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம், விசாரிப்பெல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டதால் மனம் வரவில்லை. இந்த வேலையைக் கேலி செய்ததையும் நம்ப வேண்டாம். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது, நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. உங்கள் நண்பரிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அப்பாவிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவர் முன்னால் எனக்கு இன்னும் குரல் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். 'நான்தான் யோசிச்சு வேண்டாம்னு விட்டுட்டேன்' என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். 'அவ வேண்டாம்னு சொல்லிட்டா' என்று சொல்லுங்கள்.